பிசினும் பிடியும்

கல்வராயன் மலையில் பெய்யும் மழையில் ஒரு பங்கு கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் கீழிறங்கி, வெள்ளாற்றுக்குப் போய், பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. அந்தத் துறைமுகத்துக்குப் போர்த்துக்கீசியர் இட்ட பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதுத்துறை. மலையை அடுத்த கள்ளக்குறிச்சிக்கும் போர்த்துக்கீசிய மொழிக்கும் நேர்த்தொடர்பு காட்டச் சொன்னால் இந்தத் தண்ணீரைத்தான் காட்ட வேண்டியிருக்கும். சொற்களில் தேடினால் தொடர்பு இதைவிட அதிகம். கள்ளக்குறிச்சி வீடுகளில் சாவி இருக்கிறது, ஜன்னல் இருக்கிறது, அலமாரியும் மேசையும் இருக்கின்றன. சந்தையில் ஏலம் விடுகிறார்கள், கொய்யாவும் அன்னாசியும் விற்கிறார்கள். இவை எல்லாம் போர்த்துக்கீசியர் வழியாக வந்து, வந்த இடம் மறந்துபோய், தமிழாகவே ஆகிவிட்டவை.

கவனித்தால், வந்தவை எல்லாமே பெயர்ச்சொற்கள். பூட்டத் தெரிந்தவனுக்குச் சாவி என்ற பெயர்தான் புதிது, பூட்டுவது புதிதன்று. ஆகவே பெயரை வாங்கிக்கொண்ட தமிழ் வினையை வாங்கவில்லை. இரு மொழிகளின் வினைகளுக்கு இடையே ஒற்றுமை தென்பட்டால் அதைக் கடன் என்று ஒதுக்க முடியாது என்பதே இந்த ஒப்பீட்டின் சுவை. நான் எடுத்துக்கொள்ளும் இரண்டில் ஒன்று போர்த்துக்கீசியத்தின் ‘பெகார்’. மற்றது தமிழின் ‘பிடி’. போர்ச்சுகலைவிடப் பிரேசிலில்தான் ‘பெகார்’ செழித்தது. லிஸ்பன்காரர் பேருந்தைப் பிடிக்க வேறு வினையைப் பயன்படுத்துவார். சாவோ பாவுலோக்காரர் பேருந்தை ‘பெகார்’ செய்வார், கச்சிராயபாளையத்தில் நிற்பவர் வெள்ளிமலை பஸ்ஸைப் பிடிப்பதுபோல.

இந்த இரு மொழிகளையும் எதிரெதிரே நிறுத்திப் பார்ப்பது புது வேலையும் இல்லை. 1554-இல் லிஸ்பனில் அச்சான ‘கார்த்தில்யா’ என்ற மறைநூலில் தமிழ், ரோமன் எழுத்தில் போர்த்துக்கீசியத்தோடு சேர்ந்து நின்றது. 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அந்தாவோ டி ப்ரோவென்சாவின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி அச்சேறியது. அதன் நிழற்படப் பதிப்பைத் தனிநாயகம் அடிகள் 1966-இல் கோலாலம்பூரிலிருந்து வெளிக்கொணர்ந்தார். அகராதிக்காரர்கள் சொல்லுக்குச் சொல் வைத்தார்கள். நாம் ஒரு சொல்லுக்குள் இருக்கும் பல பொருள்களை எதிரில் இருக்கும் சொல்லின் பல பொருள்களோடு வைத்துப் பார்க்கப்போகிறோம்.

முதலில் பிறப்பு. ‘பெகார்’ கையிலிருந்து பிறந்த சொல் இல்லை. லத்தீனில் ‘பிக்ஸ்’ என்றால் கீல், மரப்பிசினைக் காய்ச்சிய கரிய பசை. அதைப் பூசுவதற்கு ‘பிக்காரே’ என்றார்கள். படகின் இடுக்குகளில் பூசிய பசை தேய்ந்து தேய்ந்து ‘பெகார்’ ஆயிற்று. ஒட்டுவது என்ற பொருள் முதலில், கையால் பற்றுவது என்பது அதன் பிறகு. தமிழ்ப் ‘பிடி’யோ கையில் தொடங்குகிறது. பிடி என்றால் மூடிய கை, அந்தக் கைக்குள் அடங்கும் அளவு, அந்தக் கை பற்றும் காம்பு. ஒரு பிடி அரிசி, அரிவாளின் பிடி, கத்தியின் கைப்பிடி. ஒட்டுவது அதற்குப் பின்னால் வந்து சேர்ந்த பொருள்: இரும்பில் துரு பிடிக்கிறது, சுவரில் பாசி பிடிக்கிறது.

ஆக, பிசினிலிருந்து கைக்கு ஒரு மொழி நடந்திருக்கிறது, கையிலிருந்து பிசினுக்கு மற்றொன்று. எதிரெதிர்த் திசையில் நடந்தவர்கள் வழியில் எங்கே சந்தித்துக்கொண்டார்கள் என்று பார்த்தால், வியப்பாக, அடுப்படியில்.

சோறு அடிப்பிடித்துவிட்டது என்கிறோம். பிரேசில்காரர் சோறு பானையின் அடியில் ‘பெகோ’ என்பார், பிடித்துவிட்டது என்பதே பொருள். கொதிக்கும் பாத்திரத்தை இறக்க நாம் தேடுவது பிடித்துணி. போர்ச்சுகல் சமையலறையில் அதே துணிக்குப் பெயர் ‘பெகா’. இந்த இரண்டிலும் கையும் பிசினும் ஒரே அடுப்பில் இருக்கின்றன: உள்ளே சோறு பிசினாகப் பிடிக்கிறது, வெளியே துணியைக் கை பிடிக்கிறது. கூரையில் தீ பிடித்தால் அங்கே ‘பெகார் ஃபோகு’. ஃபோகு என்றால் தீ. திருடன் ஓடினால் இங்கே “பிடி, பிடி!” அங்கே “பெகா, பெகா!” சிறுவர்கள் ஓடிப்பிடித்து விளையாடும் ஆட்டத்துக்குப் பிரேசிலில் ‘பெகா-பெகா’ என்றே பெயர். மாடியிலிருந்து சாவியை எறிபவர் தமிழில் “சாவியப் பிடி!” என்று கத்தும்போது, அந்த வாக்கியத்தில் பாதி ஏற்கெனவே போர்த்துக்கீசியம். மீதிப் பாதி போர்த்துக்கீசியத்தில் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றிய ஒற்றுமைதான் என்னை முதலில் நிறுத்தியது. இரவெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லை என்று நாம் சொல்வதை எந்த மொழிக்காரருக்கும் விளக்குவது கடினம். தூக்கம் என்ன கயிறா, பிடிப்பதற்கு? பிரேசில்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. அவருக்கும் உறங்கிப்போவது ‘பெகார் நு சோனு’, தூக்கத்தைப் பிடிப்பது. தொழுவத்திலும் அப்படித்தான். பசு சினை பிடித்திருக்கிறது என்று சங்கராபுரம் பக்கத்து விவசாயி சொல்வார். பிரேசிலின் நாட்டுப்புறத்தில் கருவுறுவதற்கு ‘பெகார் பாரீகா’ என்ற வழக்கு உண்டு, வயிறு பிடிப்பது. அங்கே அது பெண்களைப் பற்றிய கொச்சைப் பேச்சு. இங்கே மனுஷிக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லமாட்டார்கள், ஆடு மாட்டோடு நின்றுவிடும்.

இத்தனை ஒற்றுமையையும் பார்த்து இரண்டும் ஒரே சொல்தான் என்று முடிவுகட்ட நினைக்கும்போது சளி வந்து குறுக்கே நிற்கிறது.

மலையேறி வெள்ளிமலைச் சாரலில் நனைந்து திரும்பியவர் “எனக்குச் சளி பிடிச்சிடுச்சு” என்பார். அதே நிலையில் பிரேசில்காரர் “நான் சளி பிடித்தேன்” என்ற அமைப்பில் பேசுவார். வினை ஒன்று, நோய் ஒன்று. பிடித்தது யார் என்பது மட்டும் தலைகீழ். போர்த்துக்கீசியத்தில் மனிதன் கை நீட்டி நோயைப் பிடிக்கிறான். தமிழில் நோய் வந்து மனிதனைப் பிடிக்கிறது. மழையும் அவ்வாறே: அங்கே ஆள் மழையைப் பிடிக்கிறார், இங்கே மழை பிடித்துக்கொள்கிறது. பேய் பிடிக்கிறது, சனி பிடிக்கிறது, பைத்தியம் பிடிக்கிறது என்ற வரிசையில் தமிழன் எப்போதும் பிடிபடுகிற இடத்திலேயே இருக்கிறான்.

கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பங்களுக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தொழிலில் சேரும் பையன் உளியின் பிடியைப் பிடிக்கிறான். சில ஆண்டுகளில் வேலை அவனுக்குப் ‘பிடிபட்டுவிட்டது’ என்கிறோம். உளியைப் பிடித்தவன் அவன்தான், ஆனால் தொழில் தானாக வந்து பிடிபடுகிறது. பிரேசிலிலும் கைப்பக்குவம் வருவதற்கு இதே வினைதான், ‘பெகார் உ ஜெய்து’. அங்கோ பக்குவத்தைப் பிடித்தவன் அந்தப் பையனே. ஒரு மொழி உழைத்தவனுக்குப் பெருமை தருகிறது, மற்றது தொழிலுக்குத் தருகிறது. எது நியாயம் என்று என்னைக் கேட்டால், இருபது வருஷம் உளி பிடித்தவர்களைப் பார்த்தபின் இரண்டும் என்றுதான் சொல்வேன்.

இந்தத் தலைகீழ் எங்கே உச்சத்தை அடைகிறது என்றால், ‘எனக்குப் பிடிக்கும்’ என்பதில். ‘எனக்குச் சளி பிடித்தது’ என்பதில் சளி எழுவாய். ‘எனக்கு அவளைப் பிடித்தது’ என்பதில் எழுவாயைத் தேடிப் பாருங்கள். ‘எனக்கு’ நான்காம் வேற்றுமை, ‘அவளை’ இரண்டாம் வேற்றுமை. பிடித்தது யார்? நானும் பிடிக்கவில்லை, அவளும் பிடிக்கவில்லை. பிடித்தல் மட்டும் நடந்திருக்கிறது. சொல்லக் கூசும் காரியத்தில் இலக்கணம் ஆளை மறைத்துவிட்டதோ என்றுகூடத் தோன்றும். பெகார் இந்த இடத்துக்கு வருவதில்லை. விரும்புவதற்குப் போர்த்துக்கீசியத்தில் ‘கொஷ்டார்’ என்ற வேறு வினை, நாக்கின் சுவையிலிருந்து பிறந்தது. ஒன்றின்மேல் ருசி ஏற்படுவதைப் பிடிப்பது என்பார்கள், ஆனால் ருசிதான் அங்கே பிடிபடும் பொருள், பிடிப்பவர் வெளிப்படையாக நிற்பார். பிரேசில் இளைஞர்களின் கொச்சையில் ஒருவரை ‘பெகார்’ செய்வது என்றால் விளையாட்டாக முத்தமிட்டுச் சுற்றுவது. அதில் எழுவாய்க்குப் பஞ்சமே இல்லை.

விருப்பத்தில் பிரிந்த இரு மொழிகளும் பற்றில் மறுபடி சேர்கின்றன. இங்கே பிடியின் உடன்பிறப்பான ‘பற்று’ என்ற வினையையும் துணைக்கு அழைக்க வேண்டும், ஏனென்றால் பெகாருக்கு உண்மையான இரட்டை அதுதான். தலைவலிக்கு நெற்றியில் சுக்கை அரைத்துப் பற்றுப் போடுகிறோம். தீப் பற்றுகிறது. கையைப் பற்றுகிறோம். மகன்மேல் பற்று வைக்கிறோம். பசை, தீ, கை, பாசம் என்று பெகார் நடந்த பாதை முழுவதையும் பற்று நடந்திருக்கிறது. போர்த்துக்கீசியத்தில் பாசத்துக்கு ‘அபேகு’ என்று பெயர், பெகாரின் வயிற்றிலிருந்து வந்தது. அதன் மறுதலை ‘டெசபேகு’, பற்றறுதல். பிசின் பூசிய படகிலிருந்து துறவு வரைக்கும் ஒரு வேர் நீண்டிருக்கிறது. தமிழில் திருக்குறளின் துறவு அதிகாரத்தை முடிக்கும் 350-ஆம் குறள் பற்று என்ற சொல்லை ஆறு முறை சுழற்றிப் போடுகிறது. பற்றை விடுவதற்கும் ஒரு பற்று வேண்டும் என்பது அதன் கருத்து. அதைப் போர்த்துக்கீசியத்துக்குக் கொண்டுபோக விரும்பும் மொழிபெயர்ப்பாளருக்கு அபேகு, டெசபேகு என்ற இரண்டும் ஆயத்தமாகக் காத்திருக்கின்றன. ஆறு முறையும் ஒரே வேரைத் திருப்பிச் சொல்ல அவை இடம்கொடுக்கும்.

இனி வேடிக்கை. பிரேசிலில் ஒருவரை ஓயாமல் நச்சரிப்பதற்கு ‘பெகார் நு பெ’ என்பார்கள். பெ என்றால் கால். காலைப் பிடிப்பது. தமிழிலும் காலைப் பிடிப்பது உண்டு, காரியம் ஆக வேண்டியவன் செய்வது. இரு மொழியிலும் அதே கால், அதே கை. அங்கே பிடித்தவர் தொல்லை கொடுப்பவர், பிடிபட்ட காலுக்கு உரியவர் பாவம். இங்கே பிடித்தவர்தான் பாவம். பிரேசில் அதிகாரி ஒருவரிடம் “மனுக்கொடுக்க வந்தவர் என் காலைப் பிடித்தார்” என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அவர் அனுதாபப்படுவது மனுதாரருக்காக இருக்காது. காலைப் பிடித்து அமுக்கிவிடுவதைப் பற்றி நான் இங்கே பேசவே இல்லை. அது இரண்டிலிருந்தும் விலகிய மூன்றாவது வழக்கு, பாட்டிகளுக்கும் பேரன்களுக்கும் உரியது.

காலை விட்டு மாட்டுக்கு வருவோம். போர்ச்சுகலின் காளை விளையாட்டில் ‘ஃபொர்காது’ என்னும் எட்டுப் பேர் ஆயுதமின்றி வரிசையாக நிற்பார்கள். முன்னால் நிற்பவர் காளையைச் சீண்டி அழைத்து, அது பாயும்போது அதன் தலைமேல் விழுந்து கழுத்தைக் கட்டிக்கொள்வார். பின்னால் இருப்பவர்கள் வந்து நெருக்கி நிறுத்துவார்கள். இந்தச் செயலின் பெயர் ‘பெகா’, அதாவது பிடி. அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் களமிறங்குபவரை நாம் அழைப்பது மாடுபிடி வீரர். இரண்டிடத்திலும் வெறுங்கை, இரண்டிடத்திலும் செயலின் பெயர் பிடிப்பது. அங்கே எட்டுப் பேர் ஒரு மாட்டுக்கு, இங்கே ஒரு மாட்டை ஒருவரே பிடிக்க வேண்டும். அங்கே காளையின் கொம்பைத் தோலால் மூடியிருப்பார்கள். மிக நுட்பமான வேறுபாடு வாலில் இருக்கிறது. ஃபொர்காதுகளில் எட்டாமவரின் கடமையே வாலைப் பிடித்து மாட்டைச் சுழற்றுவது. இங்கே திமிலைத் தவிர வேறெதையும் பிடிக்கக் கூடாது, வாலைப் பிடிப்பது விதிமீறல். கலித்தொகையின் முல்லைப்பகுதி இதைப் பிடித்தல் என்று சொல்லாமல் தழுவுதல் என்ற சொல்லால் குறித்ததையும் நினைவில் வைக்க வேண்டும். தழுவுதல் பிறகு பிடித்தலாக ஆனதில் ஏதோ குறைந்துவிட்டது என்பது என் எண்ணம்.

மிருகங்களைப் பற்றிப் பேசுகையில் சிறு விலகல். தமிழில் பிடி என்றால் பெண்யானையும்தான். போர்த்துக்கீசியத்தில் ‘பெகா’ என்றால் கருப்பும் வெள்ளையுமான ஒரு பறவையும்தான், காக்கையின் உறவு. இரண்டும் தத்தம் வினையோடு வேர்த்தொடர்பு இல்லாத வேறு சொற்கள். ஒலி மட்டும் ஒத்துப்போனது. ஒவ்வொரு மொழியும் தன் பிடிக்கும் வினைக்குப் பக்கத்தில் ஒரு விலங்கைக் கட்டிவைத்திருக்கிறது என்பதில் ஆராய்ச்சிக்கு எதுவும் இல்லை, மகிழ்ச்சிக்கு மட்டும் இருக்கிறது.

பெகாருக்கு மட்டுமே உரிய ஒரு வழக்கைக் கல்வராயன் மலைக்குக் கொண்டுவர எனக்கு ஆசை. பிரேசிலில் சட்டங்களை இரண்டாகப் பிரிப்பார்கள்: ‘பிடிக்கும்’ சட்டங்கள், ‘பிடிக்காத’ சட்டங்கள். தாளில் இருந்தும் மண்ணில் வேர்விடாத சட்டம் பிடிக்காத சட்டம். தமிழில் “அந்தச் சட்டம் பிடிக்கவில்லை” என்றால் நமக்குப் பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். வினை விருப்பத்துக்குப் போய்விட்டதால் இந்தப் பயனை நாம் இழந்திருக்கிறோம். ஆனால் இதற்கு எடுத்துக்காட்டு தேடி பிரேசிலுக்குப் போக வேண்டாம். சென்னை மாகாணம் ஜமீன்களை ஒழிக்கும் சட்டத்தை 1948-இல் இயற்றியது. கல்வராயன் மலையில் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்கள் 1976 வரை நீடித்தன. சமவெளியில் பிடித்த விதி மலையேறிப் பிடிக்க இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. இதைச் சொல்லத் தமிழில் எனக்கு ஒற்றைச் சொல் அமையவில்லை. பெகார் ஒரே சொல்லில் சொல்லிவிடும்.

கைபேசியிலும் பெகாருக்கு முன்னிலை. சிக்னல் இல்லாத இடத்தில் பிரேசில்காரர் “இங்கே பிடிக்காது” என்பதோடு முடிப்பார், எதைப் பிடிக்காது என்று சொல்ல வேண்டியதில்லை. கரியாலூர்ப் பக்கம் வளைவில் நிற்பவர் “டவர் கிடைக்கல” என்றோ “டவர் பிடிக்கல” என்றோ டவரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ரேடியோ காலத்தில் இலங்கை வானொலியைப் பிடித்தோம், அப்போதும் பெயரைச் சொல்லியே பிடித்தோம்.

அதற்கு ஈடாகத் தமிழ்ப் பிடியிடம் பெகாரிடம் இல்லாத ஒன்று உண்டு. அது படைக்கிறது. மஞ்சளையோ சாணத்தையோ ஒரு கை எடுத்து அழுத்தினால் பிள்ளையார் பிடித்தாயிற்று. மாவை அழுத்தினால் கொழுக்கட்டை பிடித்தாயிற்று. ஒளியை அழுத்தினால், படம் பிடித்தாயிற்று. பிடிக்கும் கை வெளியிலிருந்து எதையும் கொண்டுவருவதில்லை. கைக்குள் இருந்த இடமே உருவமாகிறது. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கான பழமொழியும் இந்தக் கையின் குறும்புதான். பிசினில் பிறந்த சொல்லுக்கு இது எட்டாது. பிசின் இரண்டு பொருளை இணைக்கும், மூன்றாவதை உருவாக்காது. தோட்டத்திலும் இப்படி ஒரு தனி வழக்கு: கதிரில் பால் பிடிக்கும் பருவம். மலையில் சாமைக்கும் தினைக்கும் அது வரும். வெளியிலிருந்து யாரும் ஊற்றாத பாலை மணி தன் உள்ளே பிடித்துக்கொள்கிறது.

கடைசியாக ஒரு பயிர். மரவள்ளி தென் அமெரிக்காவின் செடி. அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர் என்பதே பெரும்பாலோர் ஏற்ற வரலாறு. இன்று சின்னசேலம் பக்கத்துக் காடுகளிலும் மலை அடிவாரத்திலும் அது பரவிக் கிடக்கிறது, ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. விதை போடுவதில்லை. ஒரு சாண் அளவுக்குக் குச்சியை வெட்டி மண்ணில் நட்டுவைப்பார்கள். சில நாள் அது காய்ந்த விறகைப்போல நிற்கும். பிறகு கணுவில் பச்சையாக ஒரு புள்ளி. அதைக் கண்டதும் பிரேசிலின் சிறுவிவசாயி சொல்வது ‘பெகோ’. கள்ளக்குறிச்சிக்காரர் சொல்வது “பிடிச்சிடுச்சு”. இந்த வாக்கியத்தில் பிரேசில்காரரும் ‘நான் பிடித்தேன்’ என்று சொல்வதில்லை. வேர் வெளியே தெரியாது. மண்ணுக்குள் குச்சி பிடித்ததா, மண் குச்சியைப் பிடித்ததா என்று இரு மொழியிலும் யாரும் கேட்பதில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வரிசையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.